உப்புநீர்த் தொட்டிக்கு நட்சத்திர மீன் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மீன் கடைகளை ஒரு சுற்று சுற்றி வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். க்ளௌன் மீன் தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடியோடு ஒட்டியபடி, மை கொட்டினது போன்ற நீலத்தில் ஐந்து கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு நட்சத்திர மீன் இருக்கும். விலை கேட்பதற்கு முன்பே மனசு அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். "என்ன சாப்பிடும்ணே?" என்று கேட்டால், "இதுக்குனு தனியா ஒண்ணும் போட வேணாம் சார், தொட்டியில இருக்கிற அழுக்கையே தின்னுக்கும்" என்று பதில் வரும்.

நான் அந்தப் பதிலை நம்பி வாங்கினேன். மூன்று வாரம் நன்றாகத்தான் ஊர்ந்தது. நாலாவது வாரம் ஒரு கையின் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி, சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி. மறுநாள் அந்த இடம் கரைந்து உள்சதை தெரிந்தது. அதற்கடுத்த நாள் அந்தக் கை தனியாகக் கழன்று மணலில் கிடந்தது. ஏதோ நோய் என்று மருந்து தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் செய்த தப்பு இரண்டு: வாங்கி வந்த அன்று அரை மணி நேரத்தில் அதைத் தொட்டிக்குள் போட்டது, தின்ன ஒன்றுமே இல்லாத புதுத் தொட்டியில் போட்டது.

நட்சத்திர மீன் பட்டினியாகக் கிடந்தால் மீன் மாதிரி ஒரு வாரத்தில் மெலிந்து நமக்குக் காட்டிக்கொடுக்காது. தன் உடம்பையே கரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடும், நாமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் முதல் நட்சத்திர மீனை நிறம் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கையால் ஒரு துண்டு இறாலைக் கொடுத்தால் வாங்கித் தின்கிற ஒன்றை வாங்குங்கள். கீழே நான் சொல்லப் போவதில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் தண்ணீர்

பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் இல்லை, கடல் அட்டையும் கடல் முள்ளெலியும் சேர்ந்த முட்தோலி வகையைச் சேர்ந்தது. இதன் உடம்பில் ரத்தம் கிடையாது. கடல் தண்ணீரையே உடம்புக்குள் இழுத்து, அந்த அழுத்தத்தில்தான் அடியில் இருக்கிற நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை நீட்டி மடக்கி நடக்கிறது. அதாவது வெளியே இருக்கிற தண்ணீர்தான் உள்ளேயும். உப்பின் அளவு சட்டென்று மாறினால் மீன் சமாளித்துக்கொள்ளும், இதற்கு அந்த வசதி இல்லை.

ஆகவே தொட்டி வைத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சைக்கிள் முடிந்து, அதாவது கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா தொட்டியில் நிலைபெற்று, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது, பாறையில் பாசிப் படலமும் சின்னச் சின்னப் பூச்சிகளும் பிடித்திருக்க வேண்டும். உப்பு அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 முதல் 1.026 வரை. வெப்பநிலை 24 முதல் 27 டிகிரிக்குள். உப்பு அளவைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மெட்ரோ தண்ணீரோ போர் தண்ணீரோ நேரடியாக ஊற்றக் கூடாது என்பது தொட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். வீட்டில் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரிலும் கரைந்த உப்புகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும், டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும், அதற்கு மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்கிற டிஐ ஃபில்டர் ஒன்றைப் பின்னால் சேர்க்க வேண்டியிருக்கும். நெம்மேலியில் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து நமக்கு அனுப்புகிறார்கள், நாம் அதை மறுபடி வடிகட்டிக் காசு கொடுத்து வாங்கிய உப்பைப் போட்டுக் கலக்குகிறோம், என்ன செய்வது. நேராகக் கடலிலிருந்தே கேனில் பிடித்து வருகிறவர்களும் உண்டு. அடையாறு, கூவம் முகத்துவாரங்களின் பக்கம் பிடிக்கவே பிடிக்காதீர்கள், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கேயும் பிடிக்காதீர்கள். அந்த மாதங்களில் ஆற்று வெள்ளமும் மழையும் கலந்து நம் கரையோரத் தண்ணீரில் உப்பு நன்றாகவே இறங்கிவிடும்.

இன்னொன்று, செம்பு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் போடுகிற மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கிறது. நட்சத்திர மீனுக்கு அது விஷம். பழைய தொட்டியை மலிவாக வாங்குகிறீர்கள் என்றால் அதில் முன்பு என்ன மருந்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எதை வாங்கலாம்

என்னைக் கேட்டால் முதல் இடம் பிரிட்டில் ஸ்டாருக்கும் அதன் சொந்தக்காரரான சர்ப்பென்ட் ஸ்டாருக்கும்தான். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக உடம்பு, அதிலிருந்து ஐந்து மெலிந்த கைகள் பாம்பு வால் போல. கையில் முள்முள்ளாக இருந்தால் பிரிட்டில், வழவழவென்று இருந்தால் சர்ப்பென்ட். கறாராகச் சொன்னால் இவை நட்சத்திர மீனின் பங்காளிகள், வேறு வகுப்பு. ஆனால் கடையில் எல்லாம் ஒரே பெயரில்தான் விற்கும். இவை பவளத்தைத் தொடாது, மீன் தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்தைத் தேடித் தின்னும், நாம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கை ஒன்று அறுந்தாலும் மறுபடி வளர்ந்துவிடும். நூறு நூற்றைம்பது லிட்டர் தொட்டியிலும் நன்றாக இருக்கும்.

ஒரே குறை, பகலில் கண்ணில் படாது. பாறை இடுக்கில் உடம்பை மறைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிவைத்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த மாமா அரை மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டு, "காசு குடுத்து வாங்கினேங்கிற, எங்கடா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார். விளக்கை அணைத்த பிறகு வந்திருக்க வேண்டும்.

பிரிட்டில் ஸ்டாரிலும் ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள்: உடம்பு முழுக்கப் பச்சையாக, தடித்த கைகளோடு இருக்கிற பெரிய வகை. கைகளை ஊன்றி உடம்பை மேலே தூக்கிக் குகை மாதிரி நிற்கும், ராத்திரி ஒதுங்க இடம் தேடுகிற சின்ன மீன் அதற்குள் நுழைந்ததும் கைகளைச் சுருட்டி முறுக்கி மூடிக்கொள்ளும். காலையில் எழுந்து மீனை எண்ணினால் ஒன்று குறையும். கடையில் அழகாகவே இருக்கும், விலையும் அதிகம் இருக்காது, வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது ஃப்ரோமியா. சிவப்பிலும் ஆரஞ்சிலும், கையெல்லாம் பாசிமணி கோத்தது போலப் புள்ளி வைத்த சின்ன நட்சத்திரம். பவளத்துக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் பாறைமேல் பிடித்திருக்கிற நுண்ணிய படலத்தையும் கடற்பஞ்சையும் மேய்ந்து வாழ்கிற உயிர் இது, இறால் துண்டு கொடுத்தால் சில வாங்கும், பல திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு வருஷமாவது ஆன, இருநூறு லிட்டருக்குக் குறையாத, பாறை நிறைய இருக்கிற தொட்டி என்றால் முயன்று பார்க்கலாம். பிரிட்டில் ஸ்டாரை ஒரு வருஷம் வளர்த்துவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.

நகக்கண் அளவில் சாம்பல் வெள்ளையாக, ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாக ஒன்று நீங்கள் வாங்காமலே கண்ணாடியில் தோன்றலாம். அது ஆஸ்டெரினா, பாறையோடோ பவளத்துண்டோடோ வந்து சேரும், இரண்டாகப் பிய்ந்து பிய்ந்தே பெருகும், அதனால்தான் அந்தக் கோணல். பெரும்பாலும் பாசியைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும், சில மட்டும் பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளர்கிற ஜோவாந்திட் பவளத்தைக் கடிக்கும். பவளத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். இதை ஒழிக்க ஹார்லிக்வின் இறால் வாங்குங்கள் என்று யோசனை சொல்வார்கள். அந்த இறால் நட்சத்திர மீனை மட்டுமே தின்று வாழ்வது, ஆஸ்டெரினா தீர்ந்ததும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதன் மேல் ஏறிக்கொள்ளும்.

எதை வேண்டாம் என்று சொல்வது

சாம்பல் உடம்பில் சிவப்புக் குமிழ்கள் முளைத்த பெரிய நட்சத்திரம், நம் பக்கத்துக் கடலிலேயே கிடைப்பது, கடையில் சல்லிசாக இருக்கும். முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். அதேபோல வெளிர்ப் பழுப்பு உடம்பில் சாக்லேட் துண்டு வைத்தது போல இருக்கிற சாக்லேட் சிப். இரண்டுமே உறுதியான உயிர்கள், கையால் ஊட்டினால் நன்றாகத் தின்னும், ஆனால் பவளம், கடற்பஞ்சு, மட்டி, அனிமோன், நத்தை என்று வழியில் எது அசையாமல் இருக்கிறதோ அதன்மேல் ஏறி உட்கார்ந்து வயிற்றை வாய்வழியாக வெளியே தள்ளி அங்கேயே செரித்துவிடும். பவளமே இல்லாத, மீன் மட்டும் இருக்கிற பெரிய தொட்டி என்றால் இவற்றை வைக்கலாம். பவளத் தொட்டி என்றால் கிட்டேயே போகாதீர்கள். பெரிய பன் ரொட்டி மாதிரி உப்பியிருக்கிற குஷன் ஸ்டாரும் பவளம் தின்னிதான்.

மணல் சலிக்கிற நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களுக்கு அதிகம் தள்ளிவிடப்படுவது இதுதான். மணலைக் கிளறிச் சுத்தமாக வைக்கும் என்பார்கள், பொய்யில்லை, கிளறும். எதற்காகக் கிளறுகிறது? மணலுக்குள் இருக்கிற புழுவையும் பூச்சியையும் தின்ன. அந்தப் புழு பூச்சிகள்தான் உங்கள் மணலை உயிரோடு வைத்திருக்கிறவை. நூறு லிட்டர் தொட்டியில் சில மாதங்களில் அத்தனையையும் காலி செய்துவிட்டு, மணலுக்கு அடியில் புதைந்தபடியே செத்துப்போகும், நாற்றம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

நான் வாங்கி இழந்த அந்த நீல நட்சத்திரத்தின் பெயர் நீல லிங்கியா, அதைப் பற்றி முதலிலேயே புலம்பிவிட்டேன். பவளத்துக்குத் தொல்லை இல்லாதது, அழகில் இதை அடிக்க எதுவும் இல்லை, ஆனால் வாங்கி வந்தவற்றில் பெரும்பாலானவை சில மாதம் தாண்டுவதில்லை. நானூறு லிட்டருக்கு மேல், வருஷக்கணக்கில் ஓடுகிற தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதை விட்டுவிடுவோம்.

பேச்சோடு பேச்சாகக் கடையில் கடல் அட்டையையோ, ராமேஸ்வரம் பக்கம் எடுத்த பாறை என்று பவளப் பாறையையோ காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். கடல் அட்டை எல்லா வகையும், பாறை கட்டுகிற கடினப் பவளம் எல்லாமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. பாறைக்குச் செயற்கையாகச் செய்த ட்ரை ராக் போதும். லீவுக்கு மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் போகும்போது மன்னார் வளைகுடாவில் கையில் கிடைத்ததை எடுத்து வரலாம் என்ற யோசனையும் வேண்டாம், அங்கே இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

கடையில் என்ன பார்ப்பது

வந்து இரண்டு வாரமாவது ஆன உயிரை வாங்குங்கள். நேற்று வந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் சரி என்பார்.

கை நுனிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி, சவ்வு கிழிந்தது, துவண்டு தொங்குவது, உடம்பு காற்றிறங்கின பலூன் மாதிரி அமுங்கியிருப்பது, எதுவும் கூடாது. அப்புறம் தண்ணீருக்குள்ளேயே வைத்து அதை மெதுவாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். தெம்பாக இருக்கிற நட்சத்திரம் ஒரு கையை முறுக்கி, நுனியிலிருக்கிற குழாய்க் கால்களால் தரையைப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் குட்டிக்கரணம் போட்டுத் தானே நிமிர்ந்துவிடும். பிரிட்டில் ஸ்டார் என்றால் நொடியில் நடந்துவிடும். மல்லாந்தபடியே கிடந்தால், விலை பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். கடைசியாக, கடைக்காரர் முன்னாலேயே ஒரு துண்டு இறாலைக் கிட்டே போடச் சொல்லுங்கள், கை அந்தப் பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்க விடாதீர்கள். குழாய்க் கால்கள் அறுந்தால் அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். ஓரத்திலிருந்து விரலால் மெல்ல நெம்பி, அது தானாக விடும்வரை காத்திருந்து, தண்ணீருக்குள்ளேயே பைக்குள் நுழைய விட வேண்டும். வெளியே தூக்கிக் காற்றில் காட்டாமல் இருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு, அவசரமே கூடாது

மே மாத மதியத்தில் வண்டியில் ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கொளத்தூரிலிருந்து வேளச்சேரி வரை வராதீர்கள். தெர்மோகோல் பெட்டி எடுத்துப்போங்கள், சாயங்காலம் போங்கள்.

கடைகளில் உப்பைக் கொஞ்சம் குறைத்து, 1.020 பக்கம் வைத்திருப்பது சகஜம். உங்கள் தொட்டியோ 1.025. இந்த இடைவெளியைத்தான் மெதுவாகக் கடக்க வேண்டும். சுத்தமான வாளியில் பைத் தண்ணீரோடு நட்சத்திரத்தை இறக்குங்கள். தொட்டியிலிருந்து வாளிக்கு மெல்லிய குழாய் ஒன்று, சொட்டுச் சொட்டாக. இதற்கென்று விற்கிற சாமான் எதுவும் தேவையில்லை, மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற ஐவி செட் கிடைக்கும், ஊசியை வெட்டிப் போட்டுவிட்டு அந்தச் சக்கரத்தைத் திருப்பி நொடிக்கு இரண்டு சொட்டு என்று வைத்துவிட்டால் கடிகாரம் மாதிரி ஓடும். வாளித் தண்ணீர் இரண்டு மடங்கானதும் பாதியை வெளியே ஊற்றிவிட்டு மறுபடி சொட்டவிடுங்கள். மூன்று நாலு மணி நேரம் ஆகும். நேரத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள், ரிஃப்ராக்டோமீட்டரில் வாளியும் தொட்டியும் ஒரே அளவு காட்டும்போது நிறுத்துங்கள்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளிநாட்டு வீடியோக்களில் சொல்ல மாட்டார்கள். தொட்டி 26 டிகிரியில் இருக்கும், ஹாலில் வைத்த வாளி நாலு மணி நேரத்தில் 32க்குப் போய்விடும். உப்பைச் சரிசெய்கிறேன் என்று சூட்டில் வேகவைத்துவிடுவோம். ஏசி ஓடுகிற அறையில் செய்யுங்கள், இல்லையென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

தொட்டிக்குள் விடும்போது விளக்கை அணைத்துவிட்டு, வயிறு கீழே இருக்கும்படி பாறைக்குப் பக்கத்தில் மணலில் வையுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தண்ணீரை ஓடவைக்கிற பம்பான பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பிரிட்டில் ஸ்டாரின் கை அதற்குள் போய்ச் சிக்கும். கிளாத்தி, பேத்தை வகை மீன்கள் இருக்கிற தொட்டி என்றால் நட்சத்திர மீன் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், கைகளைக் கொறித்துத் தீர்த்துவிடும்.

சாப்பாடு

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இறாலோ கணவாயோ மட்டிச் சதையோ போதும். குழம்புக்கு வாங்கும்போதே நாலு இறாலை உரித்து, நன்றாகக் கழுவி, நறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உப்பு மஞ்சள் தடவுவதற்கு முன்னால் எடுத்துவையுங்கள் என்று வீட்டில் சொல்லிவிடுவது முக்கியம், எங்கள் வீட்டில் ஒரு தடவை மசாலா தடவியது ஃப்ரீசருக்குள் போய்விட்டது, நல்லவேளை நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

விளக்கு அணைந்து அரை மணி கழித்து, நீண்ட இடுக்கியால் துண்டைப் பாறை இடுக்கின் வாயில் வைத்துவிட்டுச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கை நுனி மட்டும் தண்ணீரைத் துழாவும், தூக்கத்தில் குழந்தை போர்வையைத் தேடுகிற மாதிரி. வாசனை பிடிபட்டதும் இரண்டாவது கை, மூன்றாவது கை, அப்புறம் மொத்த உடம்பும் படக்கென்று வெளியே வந்து, துண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வாய்க்குக் கொண்டுபோகும். இறாலும் நண்டும் இருந்தால் பிடுங்க வரும், அவற்றுக்கு வேறு மூலையில் முதலிலேயே கொஞ்சம் போட்டுத் திசைதிருப்புங்கள். ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

ஃப்ரோமியா வைத்திருந்தால் கையூட்டலை நம்பாதீர்கள். பாறையில் பின்பக்கக் கண்ணாடியில் படலம் வளர விட்டுவிடுங்கள், முன்கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும்.

மே மாதமும் டிசம்பரும்

கோடையில் இரண்டு பிரச்சினை. ஒன்று சூடு, அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லரோ இருபத்துநாலு மணி நேர ஏசியோ இல்லாமல் சென்னையில் முடியாது. வெறும் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சில நாள் இறங்காது. இரண்டு, ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துவைத்து, தினமும் உப்புக் கலக்காத வெறும் ஆர்ஓடிஐ (ஆர்ஓவும் டிஐயும் தாண்டி வந்த) தண்ணீரால் அந்தக் கோடு வரைக்கும் நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மொத்தமாக ஊற்றினால், மீன் ஒன்றும் காட்டாது, நட்சத்திரம் காட்டிவிடும்.

டிசம்பரில் கரண்ட். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை, கீழே இடுப்பளவு தண்ணீர், மேலே மூன்றாவது மாடியில் நான் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று இருந்தது, அதன் பேட்டரி முதல் ராத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. மூன்று மீன்களில் ஒன்று போய்விட்டது. அந்த பிரிட்டில் ஸ்டார் பாறைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் கைகளைப் பரப்பிக்கொண்டு நின்றது, கரண்ட் வந்த அன்று ராத்திரி மறுபடி உள்ளே போய்விட்டது. இப்போது அக்டோபர் வந்தாலே ஒரு டஜன் பேட்டரி வாங்கி வைத்துவிடுகிறேன்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒருநாள் அசையாமல் கிடக்கலாம். உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், மெதுவாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், குழாய்க் கால்கள் அசைந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று ஆகி நாற்றம் வந்தால் அந்த நிமிஷமே எடுத்துவிட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுவிடுங்கள். சின்னத் தொட்டியில் அது அழுகிற ஒரு ராத்திரியில் அம்மோனியா ஏறி மற்றதையும் கொண்டுபோய்விடும். அடுத்ததை வாங்க இரண்டு மாதமாவது பொறுங்கள், அதற்குள் முதலாவது ஏன் போனது என்று தண்ணீரைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுங்கள்.